கணக்கில் வராத ஐவர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 'கால்பந்து' என்று சொன்னால், நாம் அறிந்த கால்பந்தை அங்குள்ளவர் நினைப்பதில்லை. நாம் ஆடுவதை அவர்கள் 'சாக்கர்' என்கிறார்கள். அவர்களுடைய கால்பந்தில் பந்து உருண்டையாக இராது. இரு முனையும் கூரிய நீள்வடிவம் கொண்டது. அதைக் காலால் உதைப்பது எப்போதோ ஒருமுறைதான். கையில் ஏந்தி ஓடுவதும், கையால் எறிவதும், எறிந்ததைப் பிடிப்பதுமே ஆட்டத்தின் பெரும் பகுதி. எறிவதில் பெயர் பெற்றவரைப் பற்றியும் ஓட்டத்தில் பெயர் பெற்றவரைப் பற்றியும் அந்நாட்டில் நூல்கள் மலிந்து கிடக்கின்றன. நான் இன்று பேச எடுத்துக்கொண்டது, எறியாமலும் ஓடாமலும் பிடிக்காமலும் பத்துப் பதினைந்து ஆண்டு ஆடி ஓய்வு பெறும் ஒருவகை ஆட்டக்காரரின் தொழிலைப் பற்றி. அவரை அங்கே 'அஃபென்சிவ் லைன்மன்' என்பார்கள். நாம் முன்வரிசை வீரர் என்று சொல்லிக்கொள்வோம்.

அவர் செய்வது இன்னதென்று விளங்க வேண்டுமானால் ஆட்டத்தின் அமைப்பைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். மைதானம் 100 கஜ நீளம் உடையது. அணிக்கு 11 பேர் களத்தில் நிற்பார்கள். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள் உண்டு. அந்த நான்கினுள் 10 கஜமாவது முன்னேறியாக வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு வாய்ப்பு கிடைக்கும். தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு வாய்ப்பும் சில விநாடிகளில் முடிந்துபோகும் ஒரு சிறு போர். அப்போரை நடத்துபவர் குவார்ட்டர்பேக் என்னும் ஆட்டக்காரர். பந்து தம் கைக்கு வந்ததும், எறிவதா, ஓடுபவரிடம் கொடுத்துவிடுவதா, எறிந்தால் யாருக்கு எறிவது என்பதை அவர் தீர்மானிக்க வேண்டும். அதற்கு அவருக்கு மூன்று விநாடி அவகாசம் தேவை. எதிரணியினரோ, அவரைத் தரையில் சாய்ப்பதே நோக்கமாகப் பாய்ந்து வருகிறார்கள்.

அந்த மூன்று விநாடியை அவருக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் ஐந்து பேர். நடுவில் நிற்பவர் சென்டர். அவருக்கு இருபுறமும் நிற்பவர்கள் கார்டுகள். அவர்களுக்கும் வெளியே, இரு ஓரங்களிலும் நிற்பவர்கள் டேக்கிள்கள். தங்கள் உடலையே சுவராக்கி நிற்பது இவர்கள் வேலை. ஓடுபவர் ஓடும் வேளையில், சுவராக நின்றவர்களே எதிரியைத் தள்ளி வழி திறந்துவிட வேண்டும்.

இவர்களுக்கென்று ஆட்டச் சட்டம் விதித்திருக்கும் கட்டுப்பாடுகளைப் பாருங்கள். முன்னோக்கி எறியப்பட்ட பந்தை இவர்கள் பிடிக்கக்கூடாது. இன்னார் பிடிக்க உரிமையற்றவர் என்று நடுவர் தொலைவிலிருந்தே அறிவதற்காக, 50 முதல் 79 வரையுள்ள எண்களைச் சட்டையில் அணிவித்திருக்கிறார்கள். பந்து புறப்படுவதற்குமுன் சற்று அசைந்தாலும் 5 கஜம் தண்டம். எதிரியைப் பற்றி நிறுத்தினால் 10 கஜம் தண்டம். எதிரிக்கு இவ்வளவு விலங்கில்லை. அவன் பந்து நகர்ந்த கணத்தில் எந்தப் பக்கமும் பாயலாம், சுற்றி வரலாம், தன்னைத் தடுப்பவரை இழுத்துத் தள்ளலாம். வேகமாக முன்னோக்கி வருபவனை, பின்னோக்கி நடந்துகொண்டே, பற்றாமல் தடுத்து நிறுத்த வேண்டும் என்றால் அந்தக் கலையின் கடினம் ஒருவாறு புலப்படும். 1978ஆம் ஆண்டில் சட்டத்தைச் சிறிது தளர்த்தினார்கள். அதுவரை கைகளை மார்போடு ஒடுக்கிக்கொண்டு தடுக்க வேண்டியிருந்த முன்வரிசை வீரர், அதன்பின் கைகளை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தடுக்கலாம் என்று ஆயிற்று. பந்தெறியும் ஆட்டம் அதன்பிறகு செழித்ததற்கு இந்த ஒரு விதியும் ஒரு காரணம்.

உருவத்தால் இவர்கள் மலைபோன்றவர்கள். 1960களில் முன்வரிசை வீரரின் எடை ஏறக்குறைய 110 கிலோ. இன்று 140 கிலோ என்பது சாதாரணம். அந்த எடையைக் குறையாமல் காப்பாற்றுவதும் தொழிலின் ஒரு பகுதி. பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உண்டே ஆக வேண்டும். ஆனால் உருவம் மட்டும் போதும் என்று எண்ணிவிட வேண்டா. எதிரணியின் அணிவகுப்பைப் பார்த்த மாத்திரத்தில் எவன் எப்பக்கம் பாய்வான் என்று ஊகித்து, ஐவருக்கும் யார் யாரைத் தடுப்பது என்று கூவி அறிவிப்பது பெரும்பாலும் நடுவில் நிற்கும் சென்டரின் பொறுப்பு. அதே சமயம், குனிந்த நிலையில், பந்தைக் கால்களுக்கிடையே பின்புறமாகக் குவார்ட்டர்பேக்கின் கையில் சேர்ப்பதும் அவரே. அதைச் சேர்த்த அடுத்த கணமே எதிரி அவர்மேல் மோதியிருப்பான். ஒவ்வோர் ஆட்டத்திலும் பந்தை அறுபது எழுபது முறை முதலில் தொடுபவர் அவர். அவ்வளவு முறையும் அதைப் பிறர் கையில் கொடுத்துவிடுபவரும் அவர்.

இந்த ஆட்டத்தைப்போல எண்களில் மயங்கும் விளையாட்டு உலகில் குறைவு. எறிந்தவர் எத்தனை கஜம் எறிந்தார், ஓடியவர் எத்தனை கஜம் ஓடினார், பிடித்தவர் எத்தனை பிடித்தார் என்று அனைத்துக்கும் ஏடு உண்டு. எதிரணியான் குவார்ட்டர்பேக்கைச் சாய்த்தால் அதற்கும் 1982 முதல் அதிகாரபூர்வமான கணக்கு உண்டு. முன்வரிசை வீரருக்கு மட்டும் சொல்லிக்கொள்ளும்படியான கணக்கு எதுவும் இல்லை. ஒலிபெருக்கியில் அவர் எண் கேட்கிறதென்றால், அநேகமாக அவர் ஏதோ தண்டத்துக்கு ஆளாகிவிட்டார் என்று பொருள். நம் ஊர்த் தேரோட்டத்தில் எல்லோர் கண்ணும் மேலே வீற்றிருக்கும் மூர்த்தியின்மேல் இருக்கும்; சக்கரத்தடியில் குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவரை யார் பார்க்கிறார்கள்? அவர் கை பிசகினால் மட்டும் ஊரே திரும்பிப் பார்க்கும்.

ஒரே ஒரு தடவை ஒரு கார்டின் பேரை அந்நாடு முழுவதும் உச்சரித்தது. 1967 டிசம்பர் 31ஆம் நாள், விஸ்கான்சின் மாநிலத்துக் கிரீன் பே நகரில், உறைநிலைக்குக் கீழே 25 டிகிரிக் குளிரில், கிரீன் பே பேக்கர்ஸ் அணியும் டல்லாஸ் கௌபாய்ஸ் அணியும் மோதின. முடிவதற்கு 16 விநாடி இருக்கையில் பேக்கர்ஸ் அணி 14-17 என்று பின்தங்கியிருந்தது. எல்லைக்கோடு ஒரு கஜத்துக்கும் குறைந்த தொலைவில் இருந்தது. ஜெர்ரி கிரேமர் என்னும் கார்டு, சென்டர் கென் போமனோடு சேர்ந்து, எதிரே நின்ற ஜெத்ரோ பியூவைப் பனி இறுகிய தரையில் பின்னே தள்ளினார். அந்த இடைவெளியில் குவார்ட்டர்பேக் பார்ட் ஸ்டார் நுழைந்து விழுந்தார். ஆட்டம் 21-17 என்று பேக்கர்ஸ் பக்கம் முடிந்தது. தொலைக்காட்சி அந்தக் காட்சியை மெதுவாக ஓட்டித் திரும்பத் திரும்பக் காட்டியபோதுதான், பந்தை விட்டு அதற்கு முன்னே நடப்பதையும் மக்கள் பார்த்தார்கள். அந்தப் பருவத்தின் நாட்குறிப்பாகக் கிரேமர் 1968இல் வெளியிட்ட நூல் பெருவாரியாக விற்றது. அவ்வளவு புகழ் பெற்றவரைக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் சேர்த்துக்கொள்ள 2018 வரை ஆயிற்று. அவர் ஆடி நிறுத்தி அப்போது அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

இன்னொருவர் ஜோ தாமஸ். கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் இடப்புற டேக்கிள். வலக்கையால் எறியும் குவார்ட்டர்பேக்குக்கு இடப்புறம்தான் முதுகுப் புறம். அங்கிருந்து வருபவனை அவர் காண முடியாது. ஆகையால் ஐவரில் இடப்புற டேக்கிளுக்கே மதிப்பும் சம்பளமும் மிகுதி. இக்காலத்தில் முதல்தர டேக்கிள் ஒருவர் ஆண்டுக்கு இரண்டு கோடி டாலருக்கு மேல் பெறுகிறார். 2007இல் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுத்த நாளன்று, பெரிய அரங்கில் பட்டாடை உடுத்தி அமர்ந்திருக்க வேண்டிய தாமஸ், தந்தையோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி படகுக்கு வந்தது. அன்றிலிருந்து 2017 அக்டோபரில் கைத்தசை கிழியும் வரை, தம் அணி பந்தை வைத்திருந்த வேளையில் ஒரு வாய்ப்பைக்கூட விடாமல் அவர் ஆடினார். தொடர்ச்சியாக 10,363 வாய்ப்புகள். அதற்குள் அவருக்குப் பின்னே இருபது குவார்ட்டர்பேக்குகள் வந்து போய்விட்டார்கள். முன்வரிசை வீரர் ஒருவரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட எண் இது ஒன்றுதான் என்று சொல்லலாம். அதுவும் திறமையின் அளவன்று. வருகைப் பதிவேட்டின் எண்.

நான் இந்த எண்ணைப் படித்தபோது முதலில் வியந்தேன். பிறகு, 10,363 வாய்ப்பு என்றால் குறைந்தது அத்தனை மோதல் அல்லவா என்ற எண்ணம் தோன்றியது. இனி நான் சொல்லப்போவது அதைப் பற்றித்தான்.

மைக் வெப்ஸ்டர் 1952இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர். உருளைக்கிழங்குப் பண்ணையில் வளர்ந்தார். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சென்டராக ஆடினார். 1974இல் தேசியக் கால்பந்து லீக்கின் தேர்வில், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி அவரை ஐந்தாம் சுற்றில்தான் எடுத்துக்கொண்டது. அவர் உருவம் அந்த இடத்துக்குச் சிறியது என்பது பலரின் கருத்து. உருவத்தில் குறைந்ததை உழைப்பால் ஈடு செய்தார். இரும்புப் பளுக்களோடு மன்றாடி உடலைத் திரட்டினார். குளிர்காலத்திலும் கையில்லாத அளவுக்குச் சட்டைக் கையைச் சுருட்டி, புயங்கள் தெரிய நிற்பது அவர் வழக்கம். அணியினர் கூடிப் பேசிக் கலைந்ததும் மற்றவர்கள் நடந்து வருகையில் அவர் மட்டும் வரிசைக்கு ஓடுவார். 'இரும்பு மைக்' என்று பிட்ஸ்பர்க் மக்கள் அவரை அழைத்தார்கள். எஃகு ஆலைகளின் ஊரில் அதைவிட நல்ல பட்டம் வேறு இருக்க முடியாது.

அவர் காலத்தில் அந்த அணி நான்கு முறை சூப்பர் பவுல் என்னும் தலைமைப் போட்டியில் வென்றது. ஒன்பது முறை அவர் தேர்ந்த வீரர்களின் ஆட்டத்துக்கு அழைக்கப்பட்டார். 1986இல் முழங்கை நழுவும் வரை தொடர்ந்து 150 ஆட்டங்களில் தொடக்கம் முதல் நின்று ஆடியிருந்தார். பிட்ஸ்பர்க்கில் 15 பருவங்கள். பிறகு கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியில் இரண்டு. ஆக 17 ஆண்டுகளில் 245 ஆட்டங்கள். பயிற்சி நாட்களின் மோதல்களை எவரும் எண்ணி வைக்கவில்லை.

1990ஆம் ஆண்டுப் பருவத்துக்குப் பின் ஓய்வு பெற்றார். அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்ல விரும்புகிறேன். வழி மறந்தது. உறக்கம் போயிற்று. தலைநோவும் உடல் நோவும் விடவில்லை. கையில் இருந்த பணம் எங்கே போயிற்று என்றே தெரியாமல் போயிற்று. மணவாழ்க்கை முறிந்தது. சில காலம் தம் வண்டியிலும் பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்திலும் இரவைக் கழித்தார். தொடர்பு அறுந்த நீண்ட கடிதங்களைப் பக்கம் பக்கமாக எழுதினார். பள்ளிப் பருவத்து மகன் ஒருவன் வந்து உடனிருந்து தந்தையைப் பார்த்துக்கொண்டான். 1997இல் ஓஹையோ மாநிலத்துக் கான்டன் நகரின் புகழ் மண்டபத்தில் அவரை ஏற்றுக்கொண்டபோது, பல்லாண்டுகள் அவர் கையிலிருந்து பந்தை வாங்கிய டெர்ரி பிராட்ஷாவே மேடையில் அவரை அறிமுகம் செய்தார். வெப்ஸ்டர் தமக்கு ஒதுக்கிய நேரத்தைக் கடந்து, பேச்சின் இழை அறுந்தும் சேர்ந்தும், நெடுநேரம் பேசினார். கேட்டவர்கள் பொறுமையோடு இருந்தார்கள்; என்ன நேர்ந்தது இவருக்கு என்று பலருக்கும் தெரியவில்லை.

1999இல் வீரர்களின் ஓய்வூதியக் குழு, அவர் முற்றிலும் உழைக்க இயலாதவராகிவிட்டார் என்பதை ஏற்றுக்கொண்டது. ஆட்டத்தில் பட்ட தலையடிகளே காரணம் என்பதையும் அக்குழுவின் கடிதம் ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் அந்த இயலாமை எந்த நாளில் தொடங்கியது என்பதில் வழக்காடியது. தேதி மாறினால் தொகையும் மாறும் அல்லவா? அந்த வழக்கு அவர் குடும்பத்தின் பக்கம் தீர்ந்தது 2006இல். அப்போது வெப்ஸ்டர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2002 செப்டம்பர் 24இல், 50ஆம் வயதில், மாரடைப்பால் அவர் காலமானார்.

மாரடைப்பு என்று எழுதி முடித்திருந்தால் செய்தி அங்கேயே நின்றிருக்கும். உடலைப் பரிசோதிக்கும் பொறுப்பு, பிட்ஸ்பர்க் அமைந்துள்ள மாவட்டத்தின் மரண விசாரணை அலுவலகத்தில் பணியாற்றிய பென்னெட் ஓமலு என்னும் இளம் மருத்துவரிடம் வந்தது. நைஜீரியாவில் பிறந்து அமெரிக்கா சென்றவர். அந்நாட்டுக் கால்பந்தில் அவருக்குப் பற்றும் இல்லை, பழக்கமும் இல்லை. வெப்ஸ்டரின் பிற்கால வாழ்க்கையைக் கேள்விப்பட்டிருந்த அவர், சிதைந்த மூளையை எதிர்பார்த்தார். கண்டதோ, பார்வைக்குக் குறையொன்றும் இல்லாத மூளை. வேறொருவராயின் அத்துடன் விட்டிருப்பார். ஓமலு அதைப் பதப்படுத்தி, மெல்லிய சீவல்களாக்கி, சாயமேற்றி, நுண்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். அதற்கான செலவில் தம் கைப்பணத்தையும் போட்டார். மூளையின் நரம்பணுக்களுக்கிடையே 'டௌ' என்னும் புரதம், 50 வயது மனிதனிடம் இருக்கக்கூடாத இடங்களில், இருக்கக்கூடாத அளவில் திரண்டு கிடந்தது.

குத்துச்சண்டை வீரர்களுக்கு இத்தகைய நோய் வரும் என்பது புதிய செய்தியன்று. ஹாரிசன் மார்ட்லாண்டு என்னும் அமெரிக்க மருத்துவர் 1928இலேயே, குடித்தவர்போல் தள்ளாடும் குத்துச்சண்டைக்காரர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். தலைக்கவசம் அணிந்து ஆடும் கால்பந்து வீரருக்கும் அது வரும் என்பதே புதிது. 'சி.டி.இ.' என்று மூன்று எழுத்தில் இன்று அழைக்கப்படும் இந்நோயைப் பற்றி, வெப்ஸ்டரின் மூளையைச் சான்றாக வைத்து, 2005இல் ஓமலுவும் உடனுழைத்தோரும் ஒரு நரம்பு அறுவை மருத்துவ இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். லீக்கின் மருத்துவக் குழுவைச் சேர்ந்த மூவர், அக்கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று அடுத்த ஆண்டு அதே இதழுக்கு எழுதினார்கள். இதழ் இணங்கவில்லை.

அடுத்தடுத்து மேலும் மூவரின் மூளையில் இந்நோயை ஓமலு கண்டார். அந்த முதல் நால்வரில் வெப்ஸ்டர் உட்பட மூவர், டெர்ரி லாங்கும் ஜஸ்டின் ஸ்ட்ரெல்சிக்கும் சேர, பிட்ஸ்பர்க்கின் முன்வரிசை வீரர்களே. விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் இங்கே ஒரு கணம் நின்று, "ஓமலு பிட்ஸ்பர்க்கில் இருந்ததால் பிட்ஸ்பர்க்காரர்களின் மூளை அவரிடம் வந்தது, அதை வைத்துப் பொதுவிதி சொல்லலாமா?" என்று கேட்க வேண்டும். நியாயமான கேள்வி. ஆனால் முன்வரிசை வீரர்களை இந்நோய் தேடி வருவதற்குத் தனிக் காரணமும் இருக்கிறது.

தலையடி என்றதும் நாம் நினைப்பது என்ன? ஓடி வருபவரும் எதிரே வருபவரும் முழு வேகத்தில் மோதி, ஒருவர் நினைவிழந்து வீழ்வதை. அப்படிப்பட்ட அடி முன்வரிசையில் குறைவு. இவர்கள் எதிரியிடமிருந்து ஓரிரு அடி தொலைவில் நிற்கிறார்கள். வேகம் எடுக்க இடமில்லை. ஆனால் பந்து புறப்படும் ஒவ்வொரு தடவையும் தலைக்கவசமும் தலைக்கவசமும் முட்டிக்கொள்கின்றன. கவசத்துக்குள் கருவி பொருத்திக் கல்லூரி வீரர்களை ஆராய்ந்தபோது, மோதலின் எண்ணிக்கையில் முன்னின்றவர்கள் இவர்களே. ஒரு பருவத்தில் நூற்றுக்கணக்கான மோதல்கள். சிலருக்கு ஆயிரத்துக்கும் மேல். ஒவ்வொன்றும் சிறியது. விழுவதில்லை, மயங்குவதில்லை, மருத்துவர் ஓடி வருவதில்லை. அடுத்த வாய்ப்புக்கு எழுந்து நின்றுவிடுகிறார். ஆதலின் அதை யாரும் அடி என்று கணக்கில் சேர்க்கவில்லை.

கவசம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். மண்டையோடு உடையாமல் அது காப்பாற்றுகிறது. முற்றிய தேங்காயைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே நீர் அலைவது கேட்கிறது. ஓட்டில் கீறல்கூட இராது. மூளையும் ஓட்டுக்குள் நீரில் மிதப்பதுபோல அமைந்ததே. தலை திடுமென நிற்கும்போது உள்ளே அது அசைகிறது, முறுகுகிறது. மேலே எத்தனை கவசம் கவிழ்த்தாலும் இந்த அசைவை முழுவதும் தடுக்க இயலாது. மயக்கம் தெளிந்து எழுந்த பேரடிகளின் எண்ணிக்கையைக் காட்டிலும், எத்தனை ஆண்டு ஆடினார் என்பதே இந்நோயோடு நெருங்கிய தொடர்புடையது என்று பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். 2019இல் வெளிவந்த அவர்களது கணக்குப்படி, ஆடும் ஒவ்வோர் ஆண்டுக்கும் நோய்க்கான வாய்ப்பு விகிதம் 30 விழுக்காடு கூடுகிறது.

அதே ஆய்வாளர்கள் 2017 ஜூலை 25இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று நாடெங்கும் பரபரப்பாயிற்று. தேசிய லீக்கில் ஆடி மறைந்த 111 பேரின் மூளைகளில் 110இல் இந்நோய் இருந்தது. செய்தித்தாளில் இதைப் பார்ப்பவர், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேருக்கு நோய் என்று கொண்டுவிடுவார். அப்படிக் கொள்ளக்கூடாது. உயிரோடிருந்தபோதே தடுமாற்றத்தைக் கண்ட குடும்பங்களே பெரும்பாலும் மூளையை ஆய்வுக்குக் கொடுத்தன. நலமாக வாழ்ந்து மறைந்தவர்களின் மூளை அந்தக் குவியலில் மிகக் குறைவு. ஆய்வாளர்களும் இதைத் தங்கள் கட்டுரையிலேயே சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு தள்ளுபடி செய்த பின்னும் 110 என்பது சிறிய எண்ணன்று.

லீக்கும் நெடுநாள் மறுத்தது. 2009இன் இறுதியில் அடிகளுக்கு நீண்டகால விளைவு உண்டு என்று அதன் பேச்சாளர் ஒப்பினார். ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்கள் தொடுத்த வழக்கில் 2013இல் சமரசம் பேசி, 2015இல் நீதிமன்றம் அதை ஏற்றது. இதுவரை கொடுக்கப்பட்ட தொகை 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது.

இத்தகைய தொழிலில் ஒருவர் ஏன் இறங்குகிறார்? கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை, குடும்பத்தைக் கரையேற்றும் ஊதியம் ஆகியவை பலருக்குக் காரணம். ஆனால் அவை மட்டும் காரணமல்ல என்பதற்கு ஜான் அர்ஷல் சான்று. இவர் 1991இல் கனடாவின் வின்னிபெக் நகரில் பிறந்தவர். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கார்டாக ஆடிக்கொண்டே கணிதத்தில் இளநிலை, முதுநிலைப் பட்டங்கள் பெற்றார்; மாணவர்களுக்குக் கணிதப் பாடமும் நடத்தினார். பிழைப்புக்கு வேறு வழி இல்லாதவர் அல்லர். 2014இல் பால்டிமோர் ரேவன்ஸ் அணி அவரை, வெப்ஸ்டரைப் போலவே ஐந்தாம் சுற்றில் எடுத்துக்கொண்டது. மறு ஆண்டு மார்ச்சில், வேறோர் அணியின் இளம் வீரர் ஒருவர் மூளை நோய்க்கு அஞ்சி ஒரே பருவத்தில் விலகியபோது, தாம் ஏன் விலகவில்லை என்று அர்ஷல் ஒரு கட்டுரை எழுதினார். ஆபத்தை அறிந்தே ஆடுவதாகவும், எதிரியோடு மோதுவதில் தமக்குள்ள விருப்பம் வேறெதிலும் தீர்வதில்லை என்றும் அதில் ஒளிவின்றிச் சொல்லியிருந்தார்.

அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே பயிற்சி முகாமில் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி அடைந்தார். களத்துக்குத் திரும்பலாம் என்று மருத்துவர் அனுமதித்த பின்னும், உயர்கணிதம் முன்போல் ஓடவில்லை என்பதை அவர் கண்டார். மனத்தில் ஒரு வடிவத்தை நிறுத்தித் திருப்பிப் பார்க்கும் ஆற்றல் மெல்லத்தான் மீண்டது. இதைப் பற்றி அவர் எழுதியதைப் படிக்கையில் எனக்குத் தோன்றியது, மற்ற வீரர்களிடம் இல்லாத ஒரு கருவி அவரிடம் இருந்தது என்பதே. முன்வரிசையில் நிற்பதற்குத் தேவையான திறமைகளில் எதுவும் குறைந்ததாக அவருக்கோ மருத்துவருக்கோ தெரியவில்லை. குறைவைக் காட்டிக் கொடுத்தது கணிதம்.

ஆயினும் ஆடினார். 2016 முதல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டே ஆடினார். 2017 ஜூலை 27ஆம் நாள், பாஸ்டன் கட்டுரை வெளிவந்த இரண்டாம் நாள், 26ஆம் வயதில், மூன்றே பருவங்கள் ஆடியிருந்த நிலையில், ஓய்வை அறிவித்தார். அந்தக் கட்டுரைக்காகவே விலகினார் என்று பத்திரிகைகள் எழுதின. காரணத்தை அத்தனை எளிதாக ஒரு வரியில் அடக்க அவர் விரும்பவில்லை. முழுநேரமும் கணிதம் செய்யவும், பிறக்கவிருந்த குழந்தையோடு இருக்கவும் எண்ணியதையும் சொன்னார். 2021இல் முனைவர் ஆனார். 2023இல் அதே கழகத்தில் உதவிப் பேராசிரியரானார்.

ஆட்டம் நிற்கவில்லை, நிற்கப்போவதும் இல்லை. சில மாறுதல்கள் வந்திருக்கின்றன. 2011 ஒப்பந்தப்படி, பருவ காலத்தில் முழுக் கவசத்தோடு மோதிப் பயிலும் நாட்கள் 14 என்று வரம்பிட்டார்கள். வெப்ஸ்டரின் காலத்தில் அத்தகைய வரம்பு கிடையாது. 2022 முதல், பயிற்சி முகாமில் முன்வரிசை வீரர்கள் கவசத்தின்மேல் மெத்தை போன்ற உறை ஒன்றை அணிந்தாக வேண்டும். 2024 முதல் விரும்பினால் ஆட்டத்திலும் அணியலாம். மிகச் சிலரே அணிகிறார்கள். பயிற்சியில் தவிர்க்கும் ஒவ்வொரு மோதலும் லாபமே என்பதால், மெத்தை உறையைவிட 14 நாள் வரம்பையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

வெப்ஸ்டரின் நோயை அவர் உயிரோடிருந்தபோது எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடிந்திருக்காது. இன்றும் அதே நிலைதான். இறந்தபின் மூளையைச் சீவிப் பார்ப்பதைத் தவிர உறுதியான சோதனை இல்லை. குருதியிலோ, தண்டுவட நீரிலோ, ஒளிப்படத்திலோ அதன் அடையாளத்தைக் கண்டுபிடிக்கும் முயற்சி பாஸ்டன் முதலிய இடங்களில் நடந்துவருகிறது. ஓய்வு பெற்ற வீரர்கள் சிலர், அந்த ஆராய்ச்சிக்குத் தங்கள் மூளையை இப்போதே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.